எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி 108க்கு பண்ணுங்க

கிருஷ்ணகிரி பக்கத்துல காவேரிப்பட்டணத்துல எங்க தெருவுல கார் வச்சிருக்கறது ரெண்டு மூணு வீடுதான், அதுலயும் ராத்திரி எந்நேரம் கூப்டாலும் போனை எடுக்கறவன் நான் ஒருத்தன். அதனால யாருக்கு என்ன ஆனாலும் மொத போன் எனக்குத்தான் வரும். நெஞ்சு வலியா, எனக்கு. பிரசவ வலியா, எனக்கு. பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களா, எனக்கு. "தம்பி, வண்டி எடுத்துட்டு வாப்பா, சீக்கிரம்"னு சொல்லி கட் பண்ணிடுவாங்க, என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்குள்ள லைன்ல ஆள் இருக்க மாட்டாங்க.

வண்டின்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு பழைய ஈக்கோ வேன். மாங்கா சீசன்ல கிரேட் ஏத்துவேன், முகூர்த்த நாள்ல சொந்தக்காரங்களை ஏத்துவேன். இதுல ஒரு சீரியஸ் பேஷண்டை ஏத்துனா அவருக்கு நான் என்ன பண்ண முடியும்னு எப்பயாவது யோசிச்சு பாத்திருக்கீங்களா? வேகமா ஓட்டலாம். அவ்ளோதான். பின்னாடி அவரு மூச்சு விடறாரா இல்லையான்னு கூட எனக்கு தெரியாது, ஏன்னா நான் ரோட்டை பாத்துட்டு இருப்பேன். பக்கத்துல உக்காந்திருக்கற அவரோட பொண்டாட்டி அழுதுட்டு இருப்பாங்க, மகன் யாருக்காவது போன் பேசிட்டு இருப்பான்.

அதனால கொஞ்ச நாளா நான் ஒண்ணு பண்றேன், அதனால தெருவுல பாதி பேருக்கு என் மேல கோவம் கூட. யார் கூப்டாலும் மொதல்ல "108க்கு போட்டாச்சா"ன்னு கேப்பேன். இல்லன்னா "நீங்க கட் பண்ணிட்டு அதுக்கு போடுங்க, நான் சட்டை மாட்டிட்டு வரேன்"னு சொல்லுவேன். "என்னப்பா இவன், ஒரு அவசரத்துக்கு கூப்டா சட்டம் பேசறான்"னு ஒரு அத்தை சொன்னது என் காதுக்கே வந்துச்சு. சொல்லட்டும்.

எல்லாரும் போடற கணக்கு ஒண்ணுதான். ஆம்புலன்ஸ் வர இருவது நிமிஷம் ஆகும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு போக இருவது நிமிஷம், மொத்தம் நாப்பது. கார்ல போனா நேரா இருவது நிமிஷத்துல போயிடலாமே. கேக்க கரெக்டா இருக்கும். ஆனா இந்த கணக்குல வைத்தியம் எப்போ ஆரம்பிக்குதுன்ற விஷயமே இல்ல பாருங்க. என் வண்டில வந்தா வைத்தியம் கேஷுவாலிட்டி உள்ள போனதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், அதுவும் ஸ்ட்ரெச்சர் தேடி, ஆள் தேடி, "என்ன ஆச்சு, எப்போ ஆச்சு"ன்னு மொதல்ல இருந்து சொல்லி முடிச்சு. 108ல வந்தா அவங்க வீட்டு வாசல்ல வந்து எறங்குன நிமிஷமே ஆரம்பிச்சுடும். ஆக்சிஜன் இருக்கு, பிபி பாப்பாங்க, சுகர் பாப்பாங்க, சளி ரத்தம் அடைச்சா உறிஞ்சி எடுக்கற மெஷின் இருக்கு, முதுகெலும்பு அசையாம படுக்க வைக்கற பலகை, கழுத்து பட்டை எல்லாம் இருக்கு. பெரிய வண்டின்னா, ஏஎல்எஸ்னு சொல்லுவாங்க, அதுல வென்டிலேட்டர், இதயம் நின்னா ஷாக் கொடுக்கற மெஷின் வரைக்கும் இருக்கும். ஓட்டறவரு ஒருத்தர், அவரை பைலட்டுன்னு கூப்பிடறாங்க, பின்னாடி பேஷண்டோட உக்கார அவசர சிகிச்சை ட்ரெயினிங் எடுத்த ஒருத்தர், அவரை இஎம்டின்னு சொல்லுவாங்க. என் ஈக்கோல ஸ்டெப்னி டயரும் ஒரு தார்பாயும் இருக்கு.

இந்த சர்வீஸ் தமிழ்நாட்டுல 2008 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. ஒரு பைசா வாங்க மாட்டாங்க. இன்னமும் எங்க பக்கம் வயசானவங்க சில பேரு "ஆம்புலன்ஸ்னா ஆயிரக்கணக்குல கேப்பான்"னு பயப்படறாங்க, அது பிரைவேட் ஆம்புலன்ஸை பாத்து வந்த பயம். பிரைவேட்டுல நல்ல வண்டியும் இருக்கு, வெறும் ஆம்னில ஒரு ஸ்ட்ரெச்சரை போட்டு மேல சிவப்பு லைட்டு மாட்டுன வண்டியும் இருக்கு. பின்னாடி படிச்ச ஆள் யாரும் இல்லாம டிரைவர் மட்டும் வந்தா அதுக்கும் என் வண்டிக்கும் சைரன் ஒண்ணுதான் வித்தியாசம்.

போன வருஷம் எங்க தெரு வாத்தியார் மாமாவுக்கு நடந்தத சொல்றேன். ரிட்டயர்டு, சுகர் இருக்கு, பிபி இருக்கு. நடு ராத்திரி அவரு மகன் எனக்கு போன் பண்றான், "அண்ணா, அப்பாக்கு நெஞ்சு அடைக்குதுங்கறாரு, வேர்த்து ஊத்துது, வாயுவா இருக்கும்னு அம்மா இஞ்சி கசாயம் கொடுத்துச்சு, கேக்கல". வேர்த்து ஊத்துதுன்னு சொன்ன உடனே எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு, டேய் நீ மொதல்ல 108க்கு போடு, அவரை நடக்க விடாத, மாடிப்படி எறக்காத, நான் வரேன்னு சொன்னேன். நான் போனப்போ மாமா வேட்டியை கட்டிக்கிட்டு "நான் நல்லாத்தான் இருக்கேன், வண்டி எங்க நிக்குது"ன்னு கேட்டுட்டு எழுந்து நிக்கறாரு! நம்ம ஆளுங்க இப்படித்தாங்க, நெஞ்சை புடிச்சிக்கிட்டே போய் முன் சீட்ல உக்காருவாங்க, சீட் பெல்ட்டையும் அவரே போட்டுக்குவாரு. இன்னும் சில பேரு இருக்காங்க, தானே பைக் எடுத்துட்டு போயிடுவாங்க. நெஞ்சு வலியோட வண்டி ஓட்டறவன் வழியில மயங்குனா அவன் மட்டும் இல்ல, எதிர்ல வர்றவனும் சேந்துதான் போவான்.

அத்தை என்னை பாத்து கத்துறாங்க, "வண்டி வாசல்ல நிக்குது, நீ ஏத்த மாட்டேங்கற"ன்னு. எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்குள்ள சைரன் கேட்டுச்சு. இஎம்டி ஒரு சின்ன பொண்ணு, என் தங்கச்சி வயசு இருக்கும், வந்த உடனே மாமாவை உக்கார வச்சு ஆக்சிஜன் போட்டு, விரல்ல கிளிப் மாட்டி, கேள்வி மேல கேள்வி. எப்போ ஆரம்பிச்சது, என்னென்ன மாத்திரை, அலர்ஜி இருக்கா. அப்படியே சேர்ல தூக்கி வண்டில ஏத்திட்டாங்க. கிருஷ்ணகிரி போற வழியில மாமா வாந்தி எடுத்து கண்ணு சொருகிட்டாரு. கூட போன மகன்தான் அப்புறம் சொன்னான், "அண்ணா, அந்தக்கா ஒரு செகண்ட்ல அவரை ஒருக்களிச்சு படுக்க வச்சு வாயை கிளீன் பண்ணி, டிரைவர் கிட்ட ஏதோ சொன்னாங்க, அவரு போன்ல ஆஸ்பத்திரிக்கு சொல்லிட்டாரு, நாங்க போகும்போது வாசல்ல ஆள் நிக்கறாங்க". இப்போ மாமா நல்லா இருக்காரு, காலைல வாக்கிங் போறாரு, என்னை பாத்தா மட்டும் "நீ அன்னைக்கு என்னை ஏத்த மாட்டேன்னியே"ன்னு இன்னும் கேக்கறாரு.

நெஞ்சு வலில பயம் என்னன்னா, ரத்தக்குழாய் அடைச்ச மொத ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல இதயத்துடிப்பு தாறுமாறா போய் சட்டுன்னு நின்னு போற ஆபத்து அதிகம். அப்படி நின்னா உடனே நெஞ்சுல அமுக்கணும், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் உள்ள போற அளவுக்கு, அதுவும் கெட்டியான தரையில படுக்க வச்சு. கார் சீட்ல உக்காந்திருக்கற ஆளுக்கு அதை எப்படி பண்ணுவீங்க? வண்டியை ஓரங்கட்டி, கதவை தொறந்து, ரோட்டுல எறக்கி படுக்க வச்சுதான் பண்ணணும். அப்புறம் இந்த சட்டை பாக்கெட்ல சார்பிட்ரேட் மாத்திரை வச்சுக்கிட்டு யாருக்கு நெஞ்சு வலின்னாலும் நாக்குக்கு அடியில வைக்கறவங்க இருக்காங்களே, அதை தயவு செஞ்சு பண்ணாதீங்க. பிபி ஏற்கனவே இறங்கி இருந்தா இன்னும் இறக்கி விட்டுடும். டாக்டர் அவருக்குன்னு எழுதி கொடுத்திருந்தா அது வேற.

இன்னொண்ணு, ஆரம்ப சுகாதார நிலையத்தை யாரும் மதிக்கறதே இல்ல, "அங்க என்ன இருக்கு"ன்னு தாண்டி போயிடுவாங்க. 2023ல இதயம் காப்போம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, நெஞ்சு வலின்னு போனா அங்கயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மூணையும் லோடிங் டோஸா, அதாவது மொத தடவையே அதிக அளவுல கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. கிராமத்துல இருந்து கிளம்பறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

பக்கவாதத்துக்கும் நேரம்தான் எல்லாம். வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு கொழறுது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே கிளம்பணும். மூளைல அடைச்ச ரத்தக் கட்டியை கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் டைம், அதுக்குள்ள ஸ்கேன் எடுத்து அது அடைப்பா, ரத்தக் கசிவான்னு பாத்தாகணும். அதனால ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரிக்கு கார்ல வேகமா போய் ஒரு புண்ணியமும் இல்ல, அங்கிருந்து இன்னொரு இடம்னு அலையணும். கடைசியா எப்போ நல்லா பேசிட்டு இருந்தாருன்னு டைமை குறிச்சு வச்சுக்கோங்க, டாக்டர் மொதல்ல அதைத்தான் கேப்பாரு. ஆஸ்பிரின் எல்லாம் இவங்களுக்கு கொடுத்துடாதீங்க, கசிவா இருந்தா கெட்டுச்சு. தண்ணி கூட வேணாம், பொரை ஏறிடும்.

எந்த ஆஸ்பத்திரிங்கறதுல எங்க மாவட்டத்துக்குன்னு ஒரு வியாதி இருக்கு. அதுக்கு பேரு பெங்களூரு. கிருஷ்ணகிரில இருந்து ஒரு 90 கிலோமீட்டர், ரோடு நல்லா இருக்கு, அதனால யாருக்கு எதுனாலும் "நேரா பெங்களூர் போயிடலாம்பா, அங்கதான் நல்லா பாப்பாங்க". அங்க பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு, இதயத்துக்கு ஜெயதேவா இருக்கு, மூளை நரம்புக்கு நிம்ஹான்ஸ் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டுன்னு அந்த டிராஃபிக்ல காலை எட்டு மணிக்கு ஒருத்தரு நெஞ்சை புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறத நினைச்சு பாருங்க. என் சொந்தக்காரர் ஒருத்தரை அப்படித்தான் கொண்டு போனாங்க, வழியில ரெண்டு மூணு ஆஸ்பத்திரி போர்டை தாண்டிட்டே. ஒரு ஈசிஜி எடுத்து, மருந்து ஏத்தி, அப்புறம் ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிருந்தா வழியெல்லாம் அந்த பதட்டமே இருந்திருக்காது. அவரு பொழச்சிட்டாரு, ஆனா இதயம் கொஞ்சம் வீக் ஆயிடுச்சு, மாடி ஏறுனா இளைக்குது.

108 பெங்களூர் எல்லாம் போக மாட்டாங்க, நீங்க கெஞ்சுனாலும். பக்கத்துல அந்த பிரச்சனைக்கு வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவாங்க. அது ஒரு வகையில நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா அந்த நேரத்துல வீட்ல ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க, மாப்பிள்ளை ஒரு ஆஸ்பத்திரி சொல்லுவாரு, மச்சான் இன்னொண்ணு சொல்லுவாரு, வண்டி நாலு ரோட்டுல நின்னுட்டு இருக்கும். தர்மபுரில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 2008ல இருந்து இருக்கு, கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரில வந்துச்சு. அது போலுப்பள்ளில, டவுனுக்கு வெளிய. பழக்க தோஷத்துல ஜிஎச்னு சொன்ன உடனே டவுனுக்குள்ள வண்டியை விட்டுட்டு, ரவுண்டானாகிட்ட நின்னு வழி கேட்ட ஆளை எனக்கு தெரியும். ஆம்புலன்ஸ் பைலட் வழி கேக்க மாட்டாரு.

ரோட்டுல என் நெலமைய சொல்றேன் கேளுங்க. லைட்டை எரிய விட்டு, நாலு இண்டிகேட்டரும் போட்டு, ஹாரனை அமுக்கிட்டே போவேன், பக்கத்துல உக்காந்திருக்கறவரு ஜன்னல் வழியா வெள்ளை கர்சீப்பை ஆட்டிக்கிட்டே வருவாரு. யாருக்குங்க புரியும்? கல்யாண வண்டின்னு நினைச்சுக்குவாங்க. ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா மோட்டார் வாகன சட்டப்படி 10,000 ரூபா ஃபைன் இருக்கு, 2019ல திருத்துனதுல இருந்து. என் ஈக்கோக்கு வழி விடணும்னு எந்த சட்டமும் இல்ல, சிக்னலை தாண்டற உரிமையும் எனக்கு இல்ல. பதட்டத்துல ஓட்டி நடுவுல எங்கயாவது மோதுனா ஒரு பேஷண்ட் அஞ்சு பேஷண்ட் ஆயிடும்.

விபத்துன்னா இன்னும் மோசம். தொப்பூர் கணவாய் பக்கம் போறவங்களுக்கு தெரியும், அந்த இறக்கத்துல லாரி பிரேக் பிடிக்காம வந்து முன்னாடி நிக்கற வண்டிங்களை வரிசையா அடிச்ச செய்தி எத்தனை படிச்சிருக்கோம். நம்ம ஜனங்களுக்கு நல்ல மனசு, ஓடி வந்து தூக்குவாங்க, ஆனா எப்படி தூக்குவாங்கன்னா கை ஒருத்தர், கால் ஒருத்தர், தலை தொங்கிட்டு இருக்கும், அப்படியே குட்டி யானைல பின்னாடி போட்டு அனுப்பிடுவாங்க. கழுத்து எலும்பு ஒடஞ்சிருந்தா அந்த ஒரு தூக்கலே போதும், ஆயுசுக்கும் கை கால் விளங்காம பண்ணிடும். வண்டி தீப்பிடிக்குது, மேல வேற லாரி வருதுன்னா இழுத்துத்தான் ஆகணும், வேற வழி இல்ல. அப்படி இல்லன்னா ஆளை அசைக்காம, ரத்தம் வர்ற இடத்துல துணியை வச்சு அழுத்தி பிடிச்சுக்கிட்டு, பின்னாடி வர்ற வண்டிங்களை நிறுத்திட்டு, 108க்கு போடுங்க. நேஷனல் ஹைவேல 1033க்கும் போடலாம். போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயப்படற காலம் எல்லாம் போச்சு, 2016ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, 2019 சட்டத்துல 134ஏன்னு தனி பிரிவே இருக்கு, உதவி பண்ணவங்க பேரு கூட சொல்ல வேண்டியதில்ல. காசும் பிரச்சனை இல்ல, இன்னுயிர் காப்போம் திட்டம்னு 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, விபத்துல அடிபட்டவங்களுக்கு மொத 48 மணி நேரம் ஒரு வரம்பு வரைக்கும் அரசே செலவு பாத்துக்கும், லிஸ்ட்ல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரிலயும். எந்த மாநிலத்துக்காரனா இருந்தாலும்.

இவ்ளோ சொல்லிட்டு, கார்லயே போகாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டமும் ரோட்டோரமா மட்டும் இல்லையே. அஞ்செட்டி பக்கம், பெட்டமுகிலாளம், இந்த பக்கம் சித்தேரி, பென்னாகரத்துக்கு மேல கோட்டூர் மலை. கோட்டூருக்கு எலெக்‌ஷன் மெஷினையே கழுதை மேல ஏத்திட்டு போனாங்கன்னு ஒவ்வொரு தேர்தலுக்கும் பேப்பர்ல போட்டோ வரும், பாத்திருப்பீங்க. அங்க ஆம்புலன்ஸ் எப்படி வரும், டோலி கட்டித்தான் தூக்கிட்டு எறங்கணும். அஞ்செட்டி ரோட்டுல ராத்திரி யானை நின்னா ஆம்புலன்ஸும் நிக்கணும், காரும் நிக்கணும், அதுகிட்ட சைரன் எல்லாம் செல்லாது.

அந்த மாதிரி எடத்துல என் மச்சான் ஊர்க்காரங்க பண்றதுதான் எனக்கு சரியா படுது. கார் இல்ல பைக், கிடைச்ச வண்டில கிளம்பிடுவாங்க, கிளம்பும்போதே 108க்கும் போட்டுடுவாங்க, "நாங்க இந்த ரோட்டுல கீழ வந்துட்டு இருக்கோம், நீங்க மேல வாங்க, இந்த எடத்துல சந்திக்கலாம்"னு. பாதி வழியில பேஷண்டை மாத்திடுவாங்க. காத்திருக்கற நேரம் மிச்சம், மீதி வழில ஆக்சிஜனும் ஆளும் இருக்கு. இதுல போனை கட் பண்ணாம, சுவிட்ச் ஆஃப் ஆகாம பாத்துக்கறது முக்கியம், பைலட் அந்த நம்பருக்குத்தான் திருப்பி கூப்பிடுவாரு. பல பேரு பதட்டத்துல சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுட்டே இருப்பாங்க, அவரு பாவம் டிரை பண்ணிட்டு பண்ணிட்டு நிப்பாரு.

பாம்பு கடிக்கு இது ரொம்ப பொருந்தும். மஞ்சள் தோட்டம், ராகி கொல்லை, மாந்தோப்புன்னு ராத்திரி தண்ணி கட்ட போறவங்களுக்கு இது தினசரி பயம். கயிறு போட்டு இறுக்கி கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க, பாம்பை அடிச்சு பையில போட்டுக்கிட்டு வந்து டாக்டர் டேபிள் மேல வைக்காதீங்க (எங்க ஊர்ல ஒருத்தர் வச்சாரு, நர்ஸம்மா ஓடுனதுதான்). கடிச்ச கை காலை அசைக்காம வச்சுக்கிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கற பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போறதுதான் வைத்தியம். கட்டுவிரியன் கடிச்சா வலியே இருக்காது சில நேரம், தூக்கத்துல கடிச்சிட்டு போயிருக்கும், காலைல வயித்து வலி, கண் இமை தொங்குது, அப்புறம் மூச்சு திணறும். அந்த மூச்சு நிக்கற நேரத்துல பக்கத்துல பலூன் பம்ப்பால காத்து கொடுக்க தெரிஞ்ச ஆள் இருந்தா பொழச்சுக்கலாம், அதனாலதான் கிளம்பிட்டாலும் 108க்கு போடுங்கன்னு சொல்றேன். பைக்ல போறீங்கன்னா பேஷண்டை நடுவுல உக்கார வச்சு பின்னாடி ஒருத்தர் கெட்டியா பிடிச்சுக்கணும், கண்ணு சொருகுதா பாத்துக்கிட்டே வரணும்.

சின்ன விஷயத்துக்கு எல்லாம் என் வண்டி தாராளமா வரும். குழந்தைக்கு காய்ச்சல் ஆனா நல்லா விளையாடுது, கைல கண்ணாடி கிழிச்சு தையல் போடணும், கால் சுளுக்கு, நாய் கடிச்சுது ஊசி போடணும், இதுக்கெல்லாம் 108ஐ கூப்டா அந்த நேரத்துல வேற ஒரு வாத்தியார் மாமாவுக்கு வண்டி இல்லாம போயிடும். நிஜமாவே சில பேரு டாக்ஸி மாதிரி கூப்பிடறாங்க, புதன்கிழமை செக்கப்புக்கு போகணும்னு. என்ன செய்யறதுன்னு தெரியலன்னா 104க்கு போட்டு கேக்கலாம், பிரசவம் முடிஞ்சு குழந்தையோட வீட்டுக்கு வர்றதுக்கு 102 இருக்கு. பிரசவ வலிக்கு மட்டும் 108தான், வலி வந்துட்டா வழியிலயே பொறந்துடலாம், அந்த இஎம்டிங்களுக்கு அது பழகுன வேலை, எனக்கு இல்ல சாமி. எங்க தெரு பொண்ணு ஒருத்தி என் வண்டில பல்லை கடிச்சுக்கிட்டு வந்தா பாருங்க, டோல்கேட் வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்ல.

இப்போ எல்லாத்தையும் விட பெரிய பிரச்சனை, அட்ரஸ். நீங்க சிரிக்கலாம். 108க்கு போட்டா பேசறவங்க சென்னைல உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு நம்ம ஊரு தெரியாது. நம்ம பக்கம் ஊர் பேரு எப்படி இருக்கு? பாதி ஊரு அள்ளின்னு முடியும், மீதி கொட்டாய்னு முடியும். யாரோ ஒரு கவுண்டரோ, ஒரு முனியப்பனோ அந்த காலத்துல கொல்லைல கொட்டாய் போட்டிருப்பாரு, இன்னைக்கு அங்க முப்பது வீடு இருக்கும், ஊர் பேரு முனியப்பன் கொட்டாய். அதே பேர்ல அடுத்த பஞ்சாயத்துலயும் ஒண்ணு இருக்கும். "முனியப்பன் கொட்டாய்ங்க, சீக்கிரம் வாங்க"ன்னு மட்டும் கத்திட்டு போனை வச்சா வண்டி எங்கன்னு வரும்? மாவட்டம், தாலுக்கா, பஞ்சாயத்து, அப்புறம் பெரிய ஊர் எது, அங்கிருந்து எந்த பக்கம், ரேஷன் கடையா, பள்ளிக்கூடமா, பால் சொசைட்டியா, மாரியம்மன் கோயிலா, எதை பாத்து திரும்பணும்னு சொல்லணும். அப்புறம் ஒரு பையனை பைக்ல மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிக்க வைக்கணும், ராத்திரின்னா டார்ச்சோட. போன்ல பேசறவங்க கேள்வி கேட்டா "வண்டிய அனுப்புங்க முதல்ல"ன்னு திட்டாதீங்க, வண்டி எங்க வரணும், எந்த வண்டி வரணும்னு தெரியறதுக்குத்தான் அவ்ளோ கேள்வியும். எங்க பக்கத்து கொட்டாய் பசங்க நல்ல காரியம் ஒண்ணு பண்ணாங்க, கூகுள் மேப்ல அவங்க ஊரையும் திரும்பற மொனையையும் அவங்களே போட்டுட்டாங்க.

சரி, அப்போ நான் எதுக்குன்னு கேப்பீங்க. ஆம்புலன்ஸ்ல கூட ஒருத்தர் ரெண்டு பேருதான் போக முடியும், மத்தவங்களை ஏத்திட்டு நான் பின்னாடி வரேன், ஆனா அதை துரத்திட்டு வர மாட்டேன், மெதுவாத்தான் வருவேன், அதுக்கும் திட்டு வாங்கிக்கறேன். வர்றதுக்கு முன்னாடி வீட்ல இருந்து என்ன எடுக்கணும்னு சொல்றேன், இப்பவே ஒரு துணிப்பையில போட்டு சாமி ரூம் ஆணியில மாட்டி வச்சுடுங்க: ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய ஈசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி, தினமும் போடற மாத்திரையோட அட்டை. மாத்திரையை பிரிச்சு டப்பாவுல கொட்டி வச்சுட்டு "வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு போடுவாருங்க"ன்னு சொன்னா டாக்டர் என்ன பண்ணுவாரு, அட்டையோட எடுத்துட்டு வாங்க.